சோறு வராத விருந்து

மூத்த மகன் வழிப் பேத்தி கால்நடை மருத்துவம் படித்து முடித்து, பட்டம் வாங்கிய கையோடு ஒரு எருமைக்குப் பிரசவமும் பார்த்துவிட்டாள். தாயும் கன்றும் நலம். அவளுக்கு இளையவன் கபடியில் வாங்கிய கோப்பை என் அலமாரியில்தான் இருக்கிறது. அவன் வீட்டில் வைக்க இடமில்லையாம். சின்ன மகள் வழிப் பேரன் பெங்களூரில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறான். என்ன வேலை என்று கேட்டால் பொறுமையாகச் சொல்கிறான். எனக்குப் புரியவில்லை, ஆனால் பெரிய வேலை என்பது மட்டும் புரிகிறது. எல்லாருக்கும் கடைக்குட்டி ஒன்றாம் வகுப்பில் மாறுவேடப் போட்டியில் வெண்டைக்காயாக நின்று முதல் பரிசு வாங்கியிருக்கிறாள்.

இந்த வெண்டைக்காய்ச் சங்கதியைச் சொல்லத்தான் அன்று காலை என் சிநேகிதி மைமூனுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவள் மகள் பரீதா.

"உங்கம்மாவைக் கூப்பிடுத்தா. ஒரு பெரிய சங்கதி இருக்கு" என்றேன்.

"அத்தை, அம்மா விடியக்காலையில மௌத்தாயிட்டாங்க. உங்களுக்குத்தான் போன் போட எடுத்தேன், நீங்களே போட்டுட்டீக" என்றாள்.

வெண்டைக்காய் என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. வேறு நாளாக இருந்தால் மைமூன் விட்டிருக்க மாட்டாள். என் பேத்தி வெண்டைக்காய் என்றால், அவள் கொள்ளுப்பேரன் எங்கேயாவது பூசணிக்காயாக நின்றிருப்பான்.

அவள் இறந்த நாற்பதாம் நாளுக்குப் பரீதா ஒரு சிறு நினைவு மலர் அச்சடிக்கிறாள். "அம்மாவைப் பத்தி நீங்கதான் எழுதணும்" என்றாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனாலும் பாளையம்பட்டியில் எங்கள் தெருவில் மைமூன் எப்படித் தங்கினாள் என்பதைச் சொல்ல இப்போது என்னையும் சரோஜாவையும் விட்டால் ஆள் இல்லை. சரோஜாவுக்கு எழுத உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறதாம். ஆகவே நான் எழுதுகிறேன்.

அவள் வீரசோழன் ஊர்க்காரி. புருஷன் காதர் அண்ணன் குவைத்தில் ஒரு லெபனான்காரர் வீட்டில் சமையல் வேலை. மைமூனும் பிள்ளையோடு போய் இரண்டு வருஷம் அந்த வீட்டிலேயே இருந்து கூடமாட வேலை பார்த்தாள். பிறகு அவரை அங்கேயே விட்டுவிட்டு, பிள்ளை படிப்புக்காகத் தாயும் மகளும் திரும்பினார்கள். எழுபதுகளின் தொடக்கம். மழை இரண்டு வருஷமாக எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத நேரம். வீரசோழனில் மாமியார் வீட்டில், பெண்பிள்ளைக்கு ஐந்தாவது போதும் என்று முடிவு செய்து வைத்திருந்தார்கள். மைமூன் ஒத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்கு எதிர்வீட்டை வாடகைக்குப் பிடித்து, பரீதாவை அருப்புக்கோட்டையில் ஆறாவதில் சேர்த்துவிட்டாள். அதைக் கேட்டதும் எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. ஐந்தாவதோடு நின்றவளுக்குத்தான் ஆறாவதின் அருமை தெரியும்.

வந்த முதல் வாரமே அவளுடைய ரகசியம் எனக்குத் தெரிந்துவிட்டது. மைமூனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது. ஒன்று அரிசி அரிசியாக நிற்கும், இல்லையென்றால் சுவரொட்டி ஒட்டலாம். மாமியார் வீட்டில் அண்டாச் சோறு. மாமியார் வேறு யாரையும் அடுப்பண்டை விடமாட்டார். குவைத்தில் ரொட்டி. நடுவில் அவள் சோறு கற்றுக்கொள்ள நேரமே வாய்க்கவில்லை. பரீதா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது என் வீட்டுச் சோறு. அதற்குப் பதில் மைமூன் ஒரு சின்னப் பீங்கான் தட்டில் ஏதாவது அரைத்தோ பிசைந்தோ வைத்துக் கொடுப்பாள். என் பிள்ளைகள் அந்தத் தட்டை நக்கியே கழுவிவிடுவார்கள்.

ஒரு நாள் வெளிறிய முகத்தோடு வந்தாள்.

"மதினி, எங்க மாமி வாராக."

"வரட்டுமே. பேத்தியப் பாக்க வராம இருப்பாகளா?"

"பாக்க வரல. கூட்டிட்டுப் போக வாராக. சோறு வடிக்கத் தெரியாதவ டவுனுல தனியா என்ன குடும்பம் நடத்துவா, அண்டை அயலுன்னு ஒரு நாதி உண்டா அவளுக்குன்னு அவுக மகனுக்குக் கடுதாசி போட்டிருக்காக. அவரும், அம்மா பாத்துட்டு என்ன சொல்றாகளோ அதைச் செய்யின்னுட்டாரு."

பரீதாவின் ஆறாவது வகுப்பு அந்த மாமியாரின் வாயில் இருந்தது. நான், "நான் வடிச்சுத் தாரேன், நீ வடிச்சதாச் சொல்லு" என்றேன். அதற்கு அவள் ஒப்பவில்லை. "பொய்ச் சோறு வேண்டாம் மதினி. நான் சோறில்லாமலே ஒரு விருந்து வைக்கிறேன். உங்க மூணு பேரையும் கூப்புடுறேன். நாதி இருக்கா இல்லையான்னு அவுகளே பாக்கட்டும்" என்றாள்.

மூன்று பேர் என்றால் நான், பேச்சி அக்கா, சரோஜா. பேச்சி அக்கா திருச்சுழிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். கரிசல் காடும் மாடும் உண்டு. அவர் ரகசியம் பேசினால் அடுத்த ஊர் பாலவனத்தத்தில் கேட்கும். சரோஜா அப்போது புதுப்பெண், முழுகாமல் இருந்தாள். அவர்கள் வீட்டில் கவிச்சி புழங்காது. அதனால் ஆடு, கோழி, முட்டை ஒன்றும் இல்லை என்று மைமூன் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

லெபனான்காரம்மாள் வீட்டுக்குச் சிநேகிதிகள் வந்தால் இப்படித்தான் வைப்பார்களாம். சின்னச் சின்னத் தட்டுகள் நிறைய. ஒவ்வொன்றிலும் ஒரு கை அளவு. எல்லாம் முன்கூட்டியே செய்து ஆறவைத்தது. வந்தவர்களோடு வீட்டுக்காரியும் உட்கார்ந்து பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டே பேச வேண்டியதுதான். "அடுப்படியில நின்னுக்கிட்டே வைக்கிற விருந்து விருந்தில்ல மதினி, அது கூலி வேலை" என்பாள் மைமூன். இதைச் சாகும்வரை சொன்னாள்.

சுலபம் என்றாளே தவிர, அந்த ஏற்பாட்டைப் பார்த்துத் தெருவே மிரண்டது. என் வீட்டுக்காரரின் மளிகைக் கடையிலிருந்து வாங்கிப்போன கொண்டைக்கடலையை அவித்து, வறுத்த எள்ளும் பூண்டும் எலுமிச்சஞ்சாறும் சேர்த்து வெண்ணெய் மாதிரி ஆட்டினாள். முழுக் கத்திரிக்காய்களை நெருப்பில் போட்டாள். தோல் கரியாகிவிட்டது. "ஏத்தா, கருகிருச்சு, தூரப் போடு" என்று நான் ஓடினேன். "கருகணும் மதினி, அதுதான் பக்குவம்" என்று என்னைத் தடுத்துவிட்டாள். குவைத்தில் உப்பில் ஊறிய ஏதோ ஒரு காய் வைப்பார்களாம். அது இங்கே ஏது? களாக்காயை உப்பில் போட்டு அதன் இடத்தில் உட்காரவைத்தாள்.

தயிரை வெள்ளைத் துணியில் முடிந்து, கிணற்றடி முருங்கைக் கிளையில் தொங்கவிட்டிருந்தாள். சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. மோர் கொடுக்க வந்த பேச்சி அக்கா அதைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்து நின்றுவிட்டார்.

"ஏ மைமூனு, என்னத்தக் கட்டித் தொங்க விட்டிருக்க?"

"தயிருக்கா."

"அது என்ன பாவம் பண்ணுச்சு? ஏன் தூக்குல போட்ட?"

அன்று மத்தியானப் பஸ்ஸில் மாமியார் வந்து இறங்கினார். வெற்றிலைப் பெட்டியும் ஒரு காலிப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். காலிப் பெட்டி பரீதாவின் துணிமணிக்கு.

விளக்கு வைத்ததும் நாங்கள் மூவரும் போனோம். பாயில் வெள்ளைத் துணி விரித்து, தட்டுகளைக் கோலம் போல வைத்திருந்தாள். கடலை விழுது, கத்திரிக்காய் மசியல், தயிர்க்கட்டி, அதன்மேல் நல்லெண்ணெயும் புதினாவும். வெள்ளரிக்காய், தக்காளி, களாக்காய். பருப்பு வடை மாதிரி ஒன்று. கடித்தால் உள்ளே பச்சை. ஓரத்தில் மெல்லிசான கோதுமை ரொட்டி.

எங்களுக்கெல்லாம் ஒரே எண்ணம்தான். தொட்டுக்கிட இத்தனை வகை வைத்திருக்கிறாளே, சோறு எவ்வளவு வரப்போகிறது! வயிற்றை நிரப்பிவிடக் கூடாது. சரோஜா மட்டும் ரொட்டியைப் பார்த்துப் பதறி, "யாருக்குக்கா காய்ச்சல்?" என்று என் காதில் கேட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் கோதுமை ரொட்டி சுட்டால் அந்த வீட்டில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றாள் மைமூன். சொன்னவள் எங்களோடு உட்கார்ந்தும்விட்டாள்.

பரிமாறுகிறவள் உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? உலை இன்னும் கொதிக்கவில்லை, அதுவரை பேச்சுக் கொடுக்கிறாள் என்று அர்த்தம். நாங்களும் பெருந்தன்மையாகப் பேசிக்கொண்டிருந்தோம். விரல் நுனியால் கடலை விழுதைத் தொட்டோம். ஆளுக்கொரு வெள்ளரித் துண்டு எடுத்தோம். பேச்சி அக்கா ஒரே ஒரு வடையை எடுத்து, பாதியைத் திரும்ப ஓரத்தில் வைத்தார்.

மாமியார் என் பக்கம் சாய்ந்து, "கறி வாசமே காணோமே? பிரியாணி வேற வீட்டுல வேகுதா?" என்று கேட்டார். அவர் பிரியாணிக்குக் காத்திருந்தார், நாங்கள் வெள்ளைச் சோற்றுக்கு.

பேசினோம், பேசினோம். மழையைப் பற்றி, மாட்டைப் பற்றி, வீரசோழன் சந்தையைப் பற்றி. தட்டுகள் வைத்தபடி இருந்தன. சரோஜாவின் வயிறு ஒரு சத்தம் போட்டது. வெட்கத்தில் அவள் ஒரு களாக்காயை வாயில் போட்டாள். பிறகு இன்னொன்று. களாக்காய்த் தட்டு மட்டும் காலியானது. மைமூனின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. சமைத்தது யாருக்கும் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். நாங்களோ, பாவம், உலை கொதிக்காமல் தவிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம்.

கடைசியில் பேச்சி அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏத்தா, உன் உலை இன்னுமா கொதிக்கல? வெறகு ஈரமா?"

"எந்த உலைக்கா?"

"சோத்து உலைதான். வேற என்ன உலை!"

"சோறு ஆக்கலையேக்கா. இம்புட்டுத்தான் விருந்து."

எல்லோரும் தட்டுகளைப் பார்த்தோம். தட்டுகள் எங்களைப் பார்த்தன. மாமியார் வெற்றிலைப் பெட்டியை டப்பென்று மூடினார்.

"ஆக்கலையா, ஆக்கத் தெரியலையா?"

கதவோரத்தில் நின்ற பரீதா புத்தகப் பையை எடுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டாள்.

பேச்சி அக்கா எழுந்தார். அவர் பேசாமல் ஒரு காரியம் செய்தது அந்த ஒரு தடவைதான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். அவர் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் எழுந்து போனேன். என் பின்னால் சரோஜா.

நாங்கள் போன பிறகு அந்த வீட்டில் நடந்ததை மைமூன் பிற்பாடுதான் என்னிடம் சொன்னாள். மாமியார், "பாத்தியா உன் நாதிய? சோறில்லன்னதும் எந்திரிச்சுப் போயிட்டாக. காலைப் பஸ்ஸுக்குக் கிளம்பணும், புள்ள துணிய எடுத்து வையி" என்றிருக்கிறார். மைமூன் பரீதாவின் பள்ளிக்கூடப் பாவாடையை மடித்திருக்கிறாள். மடித்து, பெட்டிக்குள் வைத்தும்விட்டாள்.

அப்போதுதான் பேச்சி அக்கா கம்பஞ்சோற்றுப் பானையோடு உள்ளே நுழைந்தார். "தள்ளுங்க தள்ளுங்க, கனக்குது!" அவர் குரல் திரும்ப வந்துவிட்டது. பின்னாலேயே நான், என் வீட்டுக்காரர் கடை அடைத்து வந்தால் சாப்பிட வடித்து வைத்திருந்த சோற்றுச் சட்டியோடு. எனக்குப் பின்னால் சரோஜா, கஞ்சி இன்னும் முழுசாக வடியாத பானையைப் பழந்துணியால் பிடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் வைத்து.

"ஏ கூறு கெட்டவளே, வயித்துப் பிள்ளையோட சுடுபானையத் தூக்கிட்டு வாரியே!" என்று மாமியார்தான் பதறி எழுந்துபோய் வாங்கினார். வாங்கிய பானையைப் பாயின் நடுவில் வைத்தவரும் அவர்தான்.

அதற்குப் பிறகு அந்தத் தட்டுகள் பட்ட பாடு! சுட்ட கத்திரிக்காய் மசியலுக்கென்றே கம்பு விளைந்திருக்கிறது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாமியார் கம்பஞ்சோற்றை உருட்டி, கடலை விழுதில் அழுத்தி, வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "இத யாரு அரைச்சா?" என்றார். யாரென்று தெரிந்துதான் கேட்டார். மருமகளை நேராகப் பார்த்துப் பாராட்ட அவருக்கு அதைவிட வேறு வழி தெரியவில்லை.

பாதிச் சாப்பாட்டில் வாசலில் நிழல் தட்டியது. என் வீட்டுக்காரர்.

"ஏத்தா, வீட்டுல சட்டியக் காணோம்?"

"சட்டி இங்க இருக்கு. சோறுதான் இல்ல. ரொட்டி இருக்கு, தரட்டா?"

"ரொட்டியா? யாருக்குக் காய்ச்சல்?"

மைமூன் அன்று சிரித்த சிரிப்பு! வாயில் கம்பஞ்சோறு, கண்ணில் தண்ணீர், கையில் கத்திரிக்காய்.

மறுநாள் காலை பஸ் ஏற்றிவிட நானும் போனேன். மாமியார் காலிப் பெட்டியோடுதான் நின்றார். பள்ளிக்கூடப் பாவாடை திரும்பக் கொடிக்குப் போய்விட்டது. பஸ்ஸில் கால் வைத்தவர் திரும்பி என்னிடம் சொன்னார்: "அவளுக்குச் சோறு வடிக்கத் தெரியாட்டி என்ன? மூணு வீட்டுப் பானை ஓடி வருது. என் வீட்டுக்கே இப்படி ஒரு பானை ஓடி வந்ததில்ல. புள்ள படிக்கட்டும்."

அன்றிலிருந்து எங்கள் தெருவில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. மைமூன் வீட்டு விருந்தென்றால் அவரவர் சோற்றை அவரவர் தூக்கிக்கொண்டு போவோம். "சோறு உங்க பாடு, தொட்டுக்கிட என் பாடு" என்பாள். யாரும் அடுப்படியில் நிற்பதில்லை. அளவு கேட்டால் சொல்லமாட்டாள். "தட்டுச் சின்னதா இருந்தாப் போதும். இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லாயிருக்குமேன்னு தோணும்ல, அதுதான் ருசி" என்பாள்.

பரீதா ஆறாவது போனாள், அந்தக் காலப் பள்ளி இறுதியான பதினொன்றும் முடித்தாள், டீச்சர் டிரெயினிங் போனாள், தலைமை ஆசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டாள். அவள் மகள் இன்று வக்கீல். மைமூன் இதை என்னிடம் ஒரு தடவையா சொன்னாள்? நான் எருமைப் பிரசவத்தைச் சொன்னால் அவள் கோர்ட்டுக்குள் போய்விடுவாள். நான் கோப்பை என்றால் அவள் கேடயம் என்பாள். கடைசிவரை ஒன்றை மட்டும் அவள் ஜெயிக்கவில்லை. சென்ற ரம்ஜானுக்குப் போனபோது, "மதினி, இந்தத் தடவை சோறு நானே வடிச்சேன்" என்று பெருமையாகத் தட்டில் வைத்தாள். கரண்டி அதில் நட்டுக்குத்தலாக நின்றது.

அவள் மறைந்த அன்று நானும் சரோஜாவும், கடைசி வருஷங்களில் அவள் இருந்த பரீதா வீட்டுக்குப் போனோம். பேச்சி அக்கா மைமூனுக்கு முன்பே காலமாகிவிட்டார். காரை ஓட்டியது சரோஜாவின் மூத்த மகன். அன்று சுடுபானையோடு அவள் வயிற்றில் வந்தவன். மௌத்து வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அக்கம்பக்கம்தான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். நான் ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொண்டுபோனேன். சரோஜாவும் ஒன்று கொண்டுவந்தாள்.

பரீதா இரண்டையும் திறந்து பார்த்தாள். இரண்டிலும் வெறும் சோறு.

இத்தனை வருஷப் பழக்கம். அந்த வீட்டுக்கு வேறொன்றும் கொண்டுபோக வேண்டுமென்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சிரிப்பு முதலில் பரீதாவுக்குத்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு அழுகை வந்தது.

அவளுடையது என்று என்னிடம் ஒரு சின்னப் பீங்கான் தட்டு இருக்கிறது. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடந்து நடந்து விளிம்பு தேய்ந்த தட்டு. யாரும் அதை வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. அவள் போன அன்று அது என் வீட்டில் இருந்தது, என் முறை. அப்புறம், யாராவது சாப்பிட வந்தால் இப்போது நானும் அவர்களோடு உட்கார்ந்துவிடுகிறேன். மருமகள்கள் முதலில் முறைத்தார்கள். இப்போது அவர்களும் உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன்.

இனி உனக்கு, பரீதா. உன் அம்மா இல்லாமல் நான் மட்டும் என் பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பது நன்றாக இல்லை. எதிர்ப்பாட்டு வேண்டியிருக்கிறது. அவள் பக்கத்துக்கும் இனி நானே பேசுவதாக முடிவு செய்துவிட்டேன். ஆனால் என்னிடம் இருக்கும் உங்கள் படத்தில் உன் மகள் இன்னும் பள்ளிக்கூட உடையில் நிற்கிறாள், அவள் பையன் அதில் பிறக்கவே இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் எப்படி என்னையே எதிர்த்து ஜெயிப்பது? மகள் கறுப்புக் கோட்டோடும், பையன் பக்கத்திலும் நிற்கிற மாதிரி புதுப் படம் ஒன்று எடுத்து அனுப்பு. போனில் அனுப்பாதே, சுவரில் மாட்ட வேண்டும். தபாலில் போடு.